பொட்டு வைத்த டிரில்லிங் மெஷின்

சுகாசினிக்குப் புகுந்த வீட்டில் சோற்றுக்கும் குறையில்லை, பேச்சுக்கும் குறையில்லை. சட்டம் போட ஒரு இடம்தான் இல்லை.

சட்டம் என்பது ஆரி வேலைச் சட்டம். கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைத் துணியை நான்கு மரக்கட்டைகளுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்து மயிலும் மாங்காயும் போடுகிற வேலை. பிள்ளையார்பாளையத்துப் புடவைக்கு ஊரெல்லாம் பேர் என்றால், அதற்கு ஜோடியான ரவிக்கைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் சுகாசினிதான் பேர். ஆனால் அந்தப் பேரெடுத்த கை உட்கார்ந்து வேலை செய்தது எங்கே? ஒரு கூடத்தில் பாதியில். மீதிப் பாதியில் மாமனார் முனிரத்தினம், மாமியார் பொன்னியம்மாள், கணவன் விக்ரம், பன்னிரண்டாவது படிக்கிற மகள் அபி, ஒரு டிவி, ஒரு பீரோ.

நாளெல்லாம் ஒரே ராகம்தான். மாமனார் படுக்க வேண்டும், சட்டத்தை நகர்த்து. அபி படிக்க வேண்டும், நகர்த்து. யாரோ பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்கள், சுவரோரம் தூக்கி நிறுத்து. நகர்த்த நகர்த்தத் துணி தொய்யும், தொய்ந்தால் போட்ட கோடு கோணும். ஒரு முறை ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைக் கையில் கிளி போட ஆரம்பித்து, அது இடம் மாறி இடம் மாறிக் கடைசியில் காக்காயாகப் போய், அத்தனையையும் பிரித்து மறுபடி போட்டாள். அன்று அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

அவள் பிறந்தது தென்னேரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு இவள் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போனாள். அங்கே வரிசையாக நிற்க வேண்டும், தலைக்கு மேலே சுருள் வயரில் ஸ்க்ரூ டிரைவர் தொங்கும். பிடி, இழு, அழுத்து, ‘டக்’ என்றதும் விடு. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அதற்குப் பிறகும் அதையே செய்தாள். ஒரு நாள் கம்பெனி அந்த லைனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. கணக்கு முடித்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் அந்த ‘டக்’ அவள் மணிக்கட்டை விட்டுப் போகவேயில்லை.

கிளி காக்காயான வாரம் அவள் மாமனாரிடம் வாயைத் திறந்து கேட்டாள்.

“மாமா, மாடியில ஒரு தகர ஷெட்டு போட்டுக்கறேன். என் சட்டத்த அங்க போட்டுக்கினா உங்களுக்கும் எடைஞ்சல் இருக்காது.”

முனிரத்தினம் அரிசி மண்டியில் மூட்டை தூக்கி இந்த வீட்டைக் கட்டியவர். ஒவ்வொரு செங்கல்லும் அவர் முதுகில் ஏறி வந்தது என்பதை வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவார். அவருக்கு மருமகள்மேல் கோபம் ஒன்றும் இல்லை, தகரத்தின்மேல்தான் கோபம். ஒரு புயலில் எவர் வீட்டுத் தகரமோ பறந்து வந்து அவர் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஓடுகிறது.

அந்த மாடியின்மேல் இன்னொருவரும் கண் வைத்திருந்தார். முனிரத்தினத்தின் தம்பி குமாரவேல். சாமியானா, நாற்காலி, அண்டா குண்டான் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். வரும்போதெல்லாம் மாடிக்கு ஏறி, காலடியால் அளந்துவிட்டு இறங்குவார். சுகாசினி கேட்ட அன்றும் அவர் கூடத்தில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முனிரத்தினம் வெகுநேரம் மோவாயைச் சொறிந்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். “போட்டுக்கோ. இந்த மழைக்காலம் தாங்கட்டும். தாங்கிடிச்சின்னா அது உன் எடம், நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா ஒரு தகரம் எகிறிச்சின்னா, அன்னிக்கே மொத்தத்தையும் பிரிச்சுடணும். மாடி குமாரவேலுக்கு.”

குமாரவேல் டீயை ஊதிக்கொண்டே சிரித்தார். சுகாசினி சரி என்று தலையாட்டிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய், ஒரு செம்பு தண்ணீரை அப்படியே குடித்தாள்.

ஜோசுவா வந்து இரும்புச் சட்டகம் போட்டுக் கொடுத்தார். விக்ரமின் அக்காவைக் கட்டிய மாப்பிள்ளை, பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். தங்கமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரே மூச்சில் பைப்புகளைப் பற்றவைத்து நிறுத்திவிட்டார். தகரம் அடிப்பதற்கு மட்டும் “நாளைக்கி வர்றேம்மா” என்றார். அந்த நாளைக்கு வரவேயில்லை. தகரங்கள் மாடிச் சுவரில் சாய்ந்து வெயில் காய்ந்தன. புரட்டாசி பிறந்தது. ஒரு நாள் மாடிக்குப் போனால், கூரையில்லாத அந்தச் சட்டகத்துக்குள் நான்கு பெரிய அண்டாக்கள் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கின்றன.

“சும்மாதான கெடக்குது, அதான் வெச்சிட்டுப் போனேன்” என்றார் குமாரவேல்.

சுகாசினி அன்று சாயங்காலமே கடைக்குப் போனாள்.

கலியாணசுந்தரத்தின் ஹார்டுவேர் கடை காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே புடவை கேட்டு வழி தவறி வருகிற பெண்கள்தான் அதிகம். அவர் இவளையும் அப்படித்தான் நினைத்தார்.

“டிரில்லிங் மெஷினா? யாருக்கும்மா? ஆளக் கூட்டிக்கினு வந்தீங்கன்னா காட்டிக் குடுத்துடுவேன்.”

“ஆளு நான்தாங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு வயர் வைத்த மெஷின் ஒன்றை எடுத்து வைத்தார். “இத எடுத்துக்குங்க. வெலையும் கம்மி, வேகமும் ஜாஸ்தி.”

“மாடியில பிளக் கெடையாதுங்க. கீழேர்ந்து ஜன்னல் வழியா வயரு இழுத்தா, எங்க மாமனாரு மொதல்ல வயர அறுப்பாரு, அப்புறம் என்ன அறுப்பாரு. பேட்டரி வெச்சது காட்டுங்க.”

கலியாணசுந்தரம் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். சுகாசினி அதைக் கையில் எடுத்தாள். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கம்பெனியில் தொங்கியதைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் வால் இல்லாத மெஷின், எங்கே வேண்டுமானாலும் கூட வரும். கழுத்தில் இருந்த வளையத்தைத் திருகி அளவு வைத்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் பரிசோதனைக்கென்று ஒரு கட்டை கிடந்தது. ஸ்க்ரூவை வைத்து விசையை அழுத்தினாள். தலை கட்டையோடு படிந்த அதே நொடி ‘டக்’. விட்டுவிட்டாள்.

“அட, எங்கம்மா கத்துக்கினீங்க?” கலியாணசுந்தரத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவருக்கு மெஷினைப் பிடிக்கத் தெரிந்தவர்களைக் கண்டால் தனிப் பிரியம். “ரெண்டு பேட்டரி இருக்கற பெட்டியா எடுத்துக்குங்க. பாதி வேலயில ஒண்ணு தீந்துபோயி நின்னுக்கினு ஊர்ல இருக்கறவன எல்லாம் திட்டக் கூடாது பாருங்க.”

அவள் இரண்டு பேட்டரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பொன்னியம்மாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள்.

“டேய் விக்ரமு, உன் பொண்டாட்டி துப்பாக்கி வாங்கியாந்திருக்கறாடா.”

விக்ரம் கம்பெனி வேன் ஓட்டுகிறவன், வாய் அதிகம் இல்லாதவன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது எதுக்கு சுகா? ஜோசுவா மாமாவ இன்னொரு வாட்டி கூப்பிட்டுப் பாப்போமே” என்றான். அவள் சமையல்கட்டுச் சுவரில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தாள்.

கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரில் ஒரு பலகை அடிக்க வேண்டும் என்று பொன்னியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசாரி வருவான் வருவான் என்று மிளகாய் டப்பாவும் புளிப் பானையும் தரையிலேயே காலம் தள்ளின. சுகாசினி விசையை அழுத்தியதும் பொன்னியம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது பலகை சுவரில் இருந்தது. அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், பிறகு கையால் அழுத்தினாள், பிறகு புளிப் பானையையே தூக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். விழவில்லை.

அப்புறம் அந்த வீட்டில் பொன்னியம்மாளைப் பிடிக்க முடியவில்லை. துணிக்கொடிக்கு இங்கே ஒரு கொக்கி, முருகர் படத்துக்கு அங்கே ஒன்று, ஆடுகிற கட்டில் காலுக்கு நாலு ஸ்க்ரூ. ஊரில் ஒரு வேலைக்காரனைப் பிடிக்க வாரக்கணக்கில் காத்துக் கிடந்த பொம்பளை, இப்போது விரலை நீட்டினால் ஓட்டை. அக்கம்பக்கத்துப் பெண்களிடம், “எங்க வூட்ல ஆம்பளைய எதுக்கும் எதிர்பாக்கறதில்ல” என்று வேறு சொல்லிவைத்தாள். விக்ரம் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தான், பாவம்.

கூரை வேலையும் தொடங்கியது. குமாரவேலின் அண்டாக்களைச் சுகாசினி கீழே உருட்டிக் கொண்டுவந்து வாசலில் வரிசையாக வைத்தாள். விக்ரம் லீவு நாட்களில் தகரத்தைத் தூக்கிக் கொடுப்பான், ஏணியைப் பிடித்துக்கொள்வான். ஏணி ஏறச் சொன்னால் மட்டும் அவனுக்கு எங்கிருந்தோ போன் வந்துவிடும். ரப்பர் வளையம் போட்ட கூரை ஸ்க்ரூவைத் தகரத்தின் மேட்டில் வைத்து, மெஷினை நேராகப் பிடித்து அழுத்தினால் அதுவே தகரத்தையும் துளைத்து அடியில் உள்ள இரும்பையும் துளைத்து இறுகிக்கொள்ளும். வளையம் நசுங்கக் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. அந்த நடு அளவு அவள் மணிக்கட்டுக்கு மனப்பாடம். மேற்கிலிருந்து கிழக்காக, வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கிழக்கு ஓரத்தில் ஒரே ஒரு வரிசை பாக்கி. அவள் ஏணியைச் சாய்க்கும்போது பொன்னியம்மாள் மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

“எல்லாத்தையும் முடிச்சுட்டீன்னா விஜயதசமி அன்னிக்கு எத்தத் தொட்டு வேல ஆரம்பிப்ப? அந்த வரிசைய வுட்டு வையிம்மா. நல்ல நாள்ல முடிச்சா நெலச்சு நிக்கும்.”

சுகாசினிக்கும் அது சரியென்றே பட்டது. இந்த ஊரில் எவர் கேட்டாலும் சரியென்றுதான் சொல்வார்கள். தறிக்காரர்கள்கூடப் புதுப் பாவின் முதல் இழையை விஜயதசமிக்கென்று நிறுத்தி வைத்திருப்பார்கள். கூரையின் கடைசி வரிசையும் இழையும் ஒன்றா என்று அவளும் யோசிக்கவில்லை, மாமியாரும் யோசிக்கவில்லை. வங்கக் கடலில் ஏதோ சுழி என்று டிவியில் சொன்னார்கள், அது இரண்டு நாள் கழித்து என்றும் சொன்னார்கள். ஏணியை மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு இறங்கினாள்.

மறுநாள் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறிச் சத்தம் நின்றுவிட்டது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அந்தத் தெருக்களில் பேசுகிறவர்களின் குரல் தெளிவாகக் கேட்கும். முனிரத்தினம் வீட்டு முருகர் படத்துக்கு முன்னால் அவருடைய பழைய மூட்டைக் கொக்கி, விக்ரமின் வேன் சாவி, அபியின் புத்தகங்கள், ஆரி ஊசிகள், அரிவாள்மணை எல்லாம் வரிசையாக அமர்ந்தன. நடுவே டிரில்லிங் மெஷின். பொன்னியம்மாள் அதற்கு ஒரு முழம் கதம்பம் சுற்றினாள். சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தவள் ஒரு சந்தேகம் கேட்டாள்.

“இதுக்கு உயிரு எங்கம்மா இருக்குது?”

“பேட்டரியிலதான் அத்த.”

உயிர் இருக்கிற இடத்தில்தானே பொட்டு வைக்க வேண்டும். பொன்னியம்மாள் இரண்டு பேட்டரிகளையும் கழற்றித் தரச் சொல்லி, செம்பு தெரிகிற அந்தப் பள்ளத்தில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். ஒன்றுக்குக் கொஞ்சம். இன்னொன்றுக்கு, கிண்ணத்தில் மிச்சம் இருந்ததெல்லாம்.

பொரியும் கடலையும் தின்று, சாப்பாடு முடிந்து கண் அசரும் நேரத்தில் வானம் கருத்தது. சுழிக்கு டிவி பார்க்கும் பழக்கம் இல்லை போலிருக்கிறது, சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டது. முதல் காற்று கொடியில் இருந்த துணியை அள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டாவது காற்றில் மாடியில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். கரண்ட் போயிற்று.

சுகாசினி மாடிக்கு ஓடினாள். ஸ்க்ரூ போடாத கிழக்கு ஓரம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதற்கு அடுத்த வரிசை ஸ்க்ரூக்கள் கிறீச்சிட்டன. அது பிடுங்கிக்கொண்டால் அதற்கடுத்தது. அவ்வளவுதான், அவள் கூரை, அவள் இடம், எல்லாம் அடுத்த தெருவில் போய் விழும்.

அவள் கூடத்துக்கு இறங்கி வந்தபோது, சத்தம் கேட்டு ஜோசுவா நனைந்துகொண்டே ஓடிவந்தார். கையில் அவருடைய சொந்த மெஷின். “எனுதுக்குப் பொட்டும் கெடையாது பூவும் கெடையாது. இந்தா, எடுத்தாந்துட்டேன்” என்று வயரை நீட்டினார். எல்லோரும் ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

சுகாசினி முருகர் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பொன்னியம்மாள் குறுக்கே வந்தாள்.

“பூஜையில வெச்சது. நாளைக்கிக் காலைல கற்பூரம் காட்டித்தாம்மா எடுக்கணும். இன்னிக்கு எடுத்தா தொழிலுக்கு ஆவாது.”

சுகாசினி அதை நம்பாதவள் இல்லை. அன்று காலையிலிருந்து ஒரு ஊசியைக்கூட அவள் தொடவில்லை. இருந்தும் கையை நீட்டினாள்.

“அத்த, தொழிலே மேல பறக்குது” என்றாள்.

மேலே இன்னொரு ‘டமார்’. பொன்னியம்மாள் கூரையைப் பார்த்தாள், முருகரைப் பார்த்தாள். “ஒரு அஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கோ முருகா” என்று சொல்லிவிட்டுக் கதம்பத்தை உருவி எறிந்து, மெஷினை மருமகள் கையில் கொடுத்தாள்.

மாடியில் முனிரத்தினம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மழையில் நின்றிருந்தார். மருமகளைக் கண்டதும் கத்தினார். “வந்தியா? ரிவர்சுல போடு. எல்லாத்தையும் கழட்டு. எவன் தலையிலனா போய் வுழறதுக்குள்ள கழட்டு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தத் தழும்பு உள்ளவர் வேறு என்ன சொல்வார்? முன்னால் சுற்றினால் கூரை நிற்கும், பின்னால் சுற்றினால் மாடி குமாரவேலுக்கு. சுகாசினி மழையைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே பேசினாள்.

“மாமா, இத்தினி ஸ்க்ரூவையும் கழட்டறது சீக்கிரமா, ஒரு வரிசைய போடறது சீக்கிரமா? கழட்டிக்கினு இருக்கும்போதே காத்து தூக்கிக்கினு போயிடும். நீங்களே சொல்லுங்க.”

தகரம் மறுபடி அறைந்தது. முனிரத்தினம் தன் காலைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

“போட்டுத் தொல” என்றார். அடுத்த நொடியே, “டேய் விக்ரமு, கயிறு எடுத்தா. மாப்ள, நீங்க அந்தப் பக்கம் வாங்க. தகரத்துக்கு எதுக்க யாரும் நிக்காதீங்க” என்று மண்டிக் குரல் எடுத்தார். கூரையின் குறுக்கே கயிறு போட்டு, ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டித் தூணில் மூட்டை கட்டுகிற முடிச்சாக அவரே இறுக்கினார். மறுமுனையில் ஜோசுவா தன் முழு உடம்பையும் தொங்கவிட்டார். தகரத்தின் வாய் மூடியது. விக்ரம் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

சுகாசினி மெஷினுக்கு ஒரு பால் கவரை மாட்டிக்கொண்டு ஏறினாள். கொஞ்சமாகச் சந்தனம் பட்ட பேட்டரியை முந்தானையில் துடைத்துப் போட்டிருந்தாள். மழை கண்ணில் அடித்தது. பார்க்க முடியாவிட்டால் என்ன, பார்த்தா அவள் கம்பெனியில் வேலை செய்தாள்? விரலால் மேட்டைத் தடவி, ஸ்க்ரூவை வைத்து, அழுத்தினாள். ‘டக்.’ அடுத்தது. ‘டக்.’ கயிற்றுக்குப் பக்கத்தில் வரும்போது மெஷினின் குரல் கம்மியது, இருமியது, நின்றுவிட்டது. முந்தின நாளெல்லாம் உழைத்த பேட்டரி அது. பாதி வரிசை இன்னும் பாக்கி.

இரண்டாவது பேட்டரியைப் போட்டு அழுத்தினாள். மூச்சே இல்லை. கழற்றிப் பார்த்தால், பள்ளங்களில் சந்தனம் சிமெண்ட்டாக இறுகியிருந்தது.

“ஐயோ, நான்தாம்மா ரெண்டு வெரல் எடுத்து அப்பினேன்” என்று படிக்கட்டில் நின்ற பொன்னியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அத்த, தொடப்பத்துலேர்ந்து ஒரு ஈர்க்குச்சி குடுங்க. இரும்பு ஊசிய உள்ள வுடக் கூடாது.”

“சாமிக்கு வெச்சதுல தொடப்பக் குச்சியா?” என்று கேட்டவளே ஒரு கை நிறைய உருவிக்கொண்டு ஓடிவந்தாள்.

சுகாசினி கூரைக்கு அடியில் ஓரமாகக் குந்தி, ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டினாள். மாமியார் தன் பாவாடையின் காய்ந்த நுனியை நீட்டினாள், சுகாசினி அதில் துடைத்தாள். வெளியே ஜோசுவா, “சீக்கிரம்மா, கை போவுது” என்று முனகினார். மறுபடி ஏறி, பேட்டரியைத் தட்டி உள்ளே தள்ளி, விசையை அழுத்தினாள்.

‘ட்ர்ர்ர்’ என்று அது பாடியது. அதைவிட இனிமையான சத்தத்தை அந்தக் குடும்பம் கேட்டதில்லை. சுகாசினி தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்க்ரூவை வைத்தாள், அதற்கடுத்தது, அதற்கடுத்தது. கடைசி ஸ்க்ரூ ‘டக்’ என்றதும், “கயித்த வுடுங்க அண்ணா” என்று கத்தினாள். ஜோசுவா கயிற்றை விட்டார். காற்று வந்தது, கூரையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. தகரம் அசையவில்லை.

அப்போதுதான் மழை உண்மையில் பிடித்தது. எல்லோரும் அந்த ஷெட்டுக்குள் ஒதுங்கினார்கள். அபிகூடக் கீழே தனியாக இருக்கப் பயந்து மேலே வந்துவிட்டாள். தலைக்கு மேலே தகரம் பேரிரைச்சலாக முழங்கியது, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஜோசுவா கையைக் காட்டி ஏதோ சொன்னார், விக்ரம் என்னவென்று புரியாமலே சிரித்தான், அதைப் பார்த்துப் பொன்னியம்மாள் சிரித்தாள். முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஒரு சொட்டு எங்கேயாவது இறங்குகிறதா என்று மூலை மூலையாகத் தேடினார். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

காற்று விடிய விடிய அடித்தது. காலையில் தெருவில் உடைந்த ஓடும் கிழிந்த பேனரும் கிடந்தன. இரண்டு வீடு தள்ளி ஒரு ஷெட்டு முழுசாகக் காணாமல் போயிருந்தது. முனிரத்தினம் பல்கூடத் துலக்காமல் மாடிக்குப் போய், மருமகளின் கூரையை ஓரம் ஓரமாகப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் காபி கேட்டார்.

விஜயதசமிக்கு வேலை ஆரம்பிக்க வரிசை மிச்சமில்லையே என்று பொன்னியம்மாள் கவலைப்பட்டாள். சுகாசினி முருகருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, ஆரிச் சட்டத்தையே மேலே கொண்டுபோய் விரித்துப் போட்டாள். நான்கு கட்டைகளும் முழுசாக நீண்டன. ஒரு ரவிக்கைத் துணியை இழுத்துக் கட்டி, அதன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் வாசலில் ஆட்டோ சத்தம். குமாரவேலின் குரல் மேலே வரை கேட்டது. கிடங்கில் தண்ணீர் புகுந்துவிட்டதாம், சாமியானா எல்லாம் நனைகிறதாம்.

“அண்ணே, மேல ஷெட்டு நின்னுடுச்சே, ஒரு ரெண்டு மாசம் சாமான அங்க போட்டுக்கறேன். ஒரு ஓரமாத்தான்.”

சுகாசினியின் ஊசி பாதி இழையில் நின்றது. மழைக்காலம் முடியவில்லை. ஐப்பசி முழுசாக இருக்கிறது, கார்த்திகை இருக்கிறது. மாமனார் சொன்ன கெடு இன்னும் தீரவில்லை, அவர் தம்பிக்கு ‘இல்லை’ என்று ஒருநாளும் சொன்னதில்லை.

“என்ன ஏன் கேக்கற?” என்றார் முனிரத்தினம் கீழே. “அது சுகாசினி எடம். ஏறிப் போயி அவளக் கேளு.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்வதற்குள் குமாரவேல் படியேறி வந்து ஷெட்டு வாசலில் நின்றார். முதல் தடவையாக உள்ளே வராமல் வெளியே நின்று கேட்டார். “இன்னாம்மா, கொஞ்சம் சாமான் வெச்சுக்கட்டுமா?”

அவள் எழுந்து நின்று, மரியாதையாகத்தான் சொன்னாள். “இல்லைங்க சின்ன மாமா. எடம் இல்ல. நான் வேல செய்யற எடம் இது.”

‘இல்லை’ என்பது அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாயில் யாரும் கேட்டிராத வார்த்தை. குமாரவேல் சட்டத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இறங்கிப் போனார். கீழே போய் அண்ணனிடம் முறையிட்டார். “இல்லன்னு சொல்றாண்ணே உன் மருமவ.”

சுகாசினி மாடிப்படிக்கு வந்து காதைக் கொடுத்தாள்.

“இல்லன்னு சொன்னாளா?” என்றார் முனிரத்தினம், காபியை உறிஞ்சியபடி. “அப்ப இல்லதான்.”

மேலே சுகாசினி வாய்விட்டுச் சிரித்தாள்.